பாலாற்று மணலில் ஆடிய கால்

ராமராஜன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை செத்தார். அதையும் சரியாகச் செய்யவில்லை என்று நாற்பத்திரண்டு வருடங்களாக ஊர் சொல்லிக்கொண்டிருந்தது.

முசரவாக்கத்தில் பிறந்தவர். அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். பன்னிரண்டாம் வயதில் நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் ஒரு முதலியார் வீட்டுத் தறிக்கு வந்தார். இருபது வயதில் தனித்தறி. அறுபத்து நாலு வயதான இன்றும் காலை ஏழு மணிக்குத் தறிக்குழியில் கால் இறங்கிவிடும். பெரிதாகச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்லலாம். நெய்யும்போது தப்பு விழுந்தால், அந்த இடத்துக்கு நேராகக் கரையோரம் ஒரு வெள்ளை நூலை முடிந்துவிடுவார். கூட்டுறவுச் சங்கத்தில் புடவையைப் பரிசோதிக்கிறவர் தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்று விடுவதில்லை. தானே காட்டிவிடுவார். மற்ற நெசவாளிகள் இதற்காக அவரைக் கேலி செய்வார்கள். ஆனால் அவர் ஒன்றைச் சொன்னால் சந்தேகப்பட மாட்டார்கள்.

அவர் செத்த கதை இது.

அந்த வருடம் இரண்டு மாதம் பட்டு நூல் வரத்து நின்றுபோய்த் தறிகள் சும்மா கிடந்தன. அப்போது பாலாற்றில் 'பதினெட்டாம் முகாம்' என்ற போர்ப் படத்தின் கடைசிக் காட்சியை எடுக்க வந்தார்கள். கதையில் அது பாலைவனம். ஆற்றில் தண்ணீர் இல்லாததால் பாலைவனத்துக்கு எந்தக் குறையும் வரவில்லை. நூற்றுப் பத்துப் பிணங்கள் வேண்டும் என்றார்கள். சும்மா இருந்த நெசவாளிகள் லாரியில் ஏறிப் போனார்கள். ராமராஜனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

உடுப்பு எல்லோருக்கும் பற்றவில்லை. ராமராஜனுக்கு மேலே நம் நாட்டுச் சட்டை, கீழே எதிரி நாட்டுக் காற்சட்டை. பூட்ஸ் பாதிப் பேருக்குத்தான் கிடைத்தது. அவருக்குக் கிடைக்கவில்லை.

குழித்தறியில் உட்கார்ந்தவனுக்குக் கண்ணும் கையும் துணியில் இருக்கும். கால்கள் குழிக்குள் இரண்டு மிதிகளின் மேல் இருக்கும். வலது, இடது, வலது. ஒவ்வொரு மிதிக்கும் பாவு நூல் இரண்டாகப் பிரிந்து வாய் திறக்கும், நடுவே ஊடை நூலோடு நாடா ஓடும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் முறை என்று யாரும் எண்ணுவதில்லை. சில வருடங்களில் கால் தன் போக்கில் கற்றுக்கொண்டுவிடும். உடம்பு சும்மா இருக்கிறது என்று தெரிந்தால் போதும், கால் மிதிக்கத் தொடங்கும். பிள்ளையார்பாளையத்தில் இதை யாரும் நோயாக நினைப்பதில்லை. கணவன் தூக்கத்தில் மிதித்தால் மனைவி பாயைத் தள்ளிப் போட்டுக்கொள்வாள், அவ்வளவுதான்.

சினிமாக்காரர்களுக்கு இது தெரியாது. நூற்றுப் பத்துப் பேரையும் வெயிலில் கண்ணை மூடிப் படுக்கச் சொன்னார்கள். கால்மணி நேரத்தில் மணல் முழுக்கக் கால்கள் ஆடின.

"யோவ்! பொணம்லாம் கால ஆட்டாதீங்கய்யா! செத்தவன் எங்கனா நடப்பானா?" என்று உதவி இயக்குநர் ஒலிபெருக்கியில் கத்தினார்.

"நாங்க எங்க சார் ஆட்டறோம்? அது ஆடுது" என்று ஒரு பிணம் பதில் சொன்னது.

"சாப்பாடு எப்ப சார்?" என்றது இன்னொன்று.

"பாருங்கப்பா, பொணத்துக்குப் பசிக்குதாம்!" என்றார் உதவி இயக்குநர்.

கடைசியில் கால்களின் மேல் மணலை அள்ளிப் போட்டு மூடினார்கள். ராமராஜனின் இடது கால் பக்கத்துப் பிணமான பரமசிவத்தின் தொடைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. வலது காலை மூட வந்தவன், யாரோ எதற்கோ கூப்பிட, ஓடிவிட்டான்.

சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. காட்சி இதுதான்: போர் முடிந்துவிட்டது. ஒரு குமாஸ்தாச் சிப்பாய் கையில் தாளோடு பிணங்களுக்கு நடுவே எண்ணிக்கொண்டே நடக்கிறான். குனியவில்லை, யார் முகத்தையும் பார்க்கவில்லை. விரலை மட்டும் நீட்டி எண்ணுகிறான். "நூற்றுப் பத்து" என்று சொல்லித் தாளில் எழுதிக்கொண்டு திரும்பி நடக்கிறான். இசை கிடையாது, வசனம் கிடையாது. அவன் முதுகு தெரிகிறது. முன்னால் மணலில் ஒரு வெறுங்கால், வலது கால், மெதுவாக அழுந்தி எழுகிறது. மூன்று முறை. திரை இருள்கிறது.

மறுமுறை எடுக்க வெளிச்சம் இல்லை. அப்படியே வைத்துவிட்டார்கள்.

படத்தைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அதன் பெரும்பகுதியை இன்று பார்த்தால் கூச்சமாக இருக்கும். நாயகன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிடம் பேசுகிறான், எதிரி காத்திருக்கிறான். குண்டு மழைக்கு நடுவில் இரண்டு பாட்டு. ஆனாலும் படம் நிலைத்துவிட்டது. ஆகஸ்ட் பதினைந்துக்கும் ஜனவரி இருபத்தாறுக்கும் தொலைக்காட்சியில் தவறாமல் வந்தது. பேசிய வசனங்களை ஜனங்கள் மறந்துபோனார்கள். அந்தக் கடைசி ஒரு நிமிடத்தை யாரும் மறக்கவில்லை. இறந்தவர்கள் கணக்கில் அடங்க மறுக்கிறார்கள் என்று ஒரு விமர்சகர் எழுதினார். வெறுங்கால் ஏன் என்பதற்கு ஒரு விளக்கம், எந்த நாட்டு வீரன் என்று ஏன் தெரியவில்லை என்பதற்கு ஒரு விளக்கம் என்று புத்தகங்கள் வந்தன. எல்லாம் இயக்குநரின் மேதைமை. அவர் பேட்டிகளில் புன்னகைத்தாரே தவிர ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஊருக்கு மட்டும் உண்மை தெரியும். ராமராஜனுக்கு 'ஆட்டப்பொணம்' என்று பெயர் வந்தது. டீக்கடையில் அவர் உட்கார்ந்தால், "எண்ணிக்கோப்பா, நூத்திப் பத்து வந்துட்டாரு" என்பார்கள். அவரும் சிரித்துவைப்பார். சிரிக்க முடியாமல் போனது அவர் மனைவி ரேணுகாம்பாளுக்குத்தான். கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே குழாயடியில் ஒருத்தி அவளைப் 'பொணத்துப் பொண்டாட்டி' என்று கூப்பிட்டுவிட்டாள். குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்தவள் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அந்தப் படம் ஓடும் நாளில் அவர்கள் வீட்டில் டிவி போடுவது கிடையாது.

ராமராஜனும் அந்தப் படத்தை ஒரு தப்பாகத்தான் நினைத்திருந்தார். அவர் நெய்ததில் முடிச்சுப் போட்டுக் காட்ட முடியாமல் போன ஒரே தப்பு. ஒரு முறை சினிமாக் கம்பெனிக்குக் கடிதம்கூட எழுதினார், அந்த இடத்தைக் கத்தரித்துவிடும்படி. பதில் வரவில்லை.

அந்த நினைப்பை முதலில் அசைத்தவர் கூட்டுறவுச் சங்கத்தின் குமாஸ்தா மங்கையர்க்கரசி. ஏனாத்தூர்க்காரர். கணவர் சிட்டிபாபு ராணுவத்தில் இருந்தார். வடக்கே பனிமலையில் காவல் இருந்தபோது பனிச்சரிவில் சிக்கியவர், உடல் கிடைக்கவில்லை. தேடினார்கள், நிறுத்தினார்கள். பின்னால் ஒருநாள், இறந்ததாகக் கருதப்படுகிறார் என்று ஒரு தாள் வந்தது. மங்கையர்க்கரசி அதில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். தாலியை மட்டும் கழற்றவில்லை. அப்போது அவருக்கு இருபத்தாறு வயது.

இருபது வருடங்களுக்கு முன் ஒரு நாள் ராமராஜன் புடவை கொடுக்கச் சங்கத்துக்குப் போயிருந்தார். அங்கே பரிசோதகராக வேலை பார்த்த பரமசிவம், அந்தப் பழைய பக்கத்துப் பிணமேதான், எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தார்:

"கிளார்க்கம்மா, இவர் யாருன்னு தெரியுமா? 'பதினெட்டாம் முகாம்' பாத்துக்கிறீங்களா? அந்தக் காலு இவர் காலுதான். பக்கத்துல அசையாம கிடக்குறனே, அது நான். நடிப்புன்னா அதும்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். மங்கையர்க்கரசி சிரிக்கவில்லை. மேசைக்கு மேலாக எட்டி ராமராஜனின் காலைப் பார்த்தார். ராமராஜனுக்கு என்னவோ போல் ஆகி, காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அடுத்த முறை யாரும் இல்லாதபோது மங்கையர்க்கரசியே பேசினார்.

"அது வேணும்னு ஆட்டுனதாண்ணா?"

"இல்லம்மா. பழக்க தோஷம். தறிக்காலு."

"சரி, இருக்கட்டும்." கொஞ்ச நேரம் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினார். "நான் வருசா வருசம் அதுக்காகத்தான் அந்தப் படத்தப் பாக்கறேன். அவன் எண்ணிக்கினே போறான் பாருங்க, ஒருத்தரையும் குனிஞ்சு பாக்கல. எங்க வீட்டுக்காரரயும் யாரும் குனிஞ்சு பாக்கலண்ணா. எண்ணிட்டாங்க. அவரு வரமாட்டாருன்னு எனக்குத் தெரியும், நான் ஒண்ணும் பைத்தியம் இல்ல. ஆனா எல்லாரும் சேந்து முடிஞ்சுதுன்னு சொல்றப்போ, கொஞ்சம் இருங்கப்பான்னு சொல்றது அந்தக் காலு ஒண்ணுதான்."

 ராமராஜன் வீட்டுக்கு வந்தும் இதை ரேணுகாம்பாளிடம் சொல்லவில்லை. தன் உடம்பிலிருந்து தனக்குத் தெரியாமல் போன ஒன்று இன்னொருவர் வீட்டில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது அவருக்கு விளங்கவும் இல்லை, மறக்கவும் இல்லை. அதன் பிறகு அந்தத் தப்பைப் பற்றி அவர் யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

போன வருடம் ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சென்னையிலிருந்து சந்தியா என்ற பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். பழைய படச்சுருள்களைக் கீறலும் கறையும் நீக்கிப் புதுப்பிக்கிற வேலை. 'பதினெட்டாம் முகாம்' மறுபடியும் தியேட்டருக்கு வரப்போகிறது என்றாள். ரேணுகாம்பாள் கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு தறிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"சார், நேரா விஷயத்துக்கு வரேன். கடைசி ஷாட்ல கால் அசையுதுல்ல? அது மிஸ்டேக்னு ஒரு பேச்சு இருக்கு. இல்ல, டைரக்டரோட ஐடியான்னு ஒரு பேச்சு இருக்கு. டைரக்டர் போயிட்டாரு, கேமராமேன் போயிட்டாரு. புரொடியூசர் ஃபேமிலி என்ன சொல்றாங்கன்னா, மிஸ்டேக்னா கிளீன் பண்ணிடுங்க, டைரக்டர் வச்சதுன்னா தொடாதீங்கன்னு. உங்களத் தேடிக் கண்டுபிடிக்கவே நாலு மாசம் ஆச்சு. நீங்க சொல்றதுதான் ஃபைனல்."

"எடுக்க முடியுமா அத?" ரேணுகாம்பாள் கதவோரத்திலிருந்து கேட்டாள்.

"ஈஸியா எடுக்கலாம்மா."

"அப்ப எடுத்துடும்மா! புண்ணியமாப் போவுது. நாப்பது வருசமா இந்த மனுசன் உசுரோட இருக்கறப்பவே என்னப் பொணத்துப் பொண்டாட்டின்றாங்க. என் பொண்ணு கல்யாணத்துலகூட ஒருத்தன் சொன்னான்."

சந்தியா ராமராஜனைப் பார்த்தாள். அவர் நாடாவைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"வியாழக்கிழமை கேமராவோட வரேன் சார். நீங்க உங்க வாயால சொல்லுங்க. படத்தோட அதையும் சேத்து வெப்போம்."

புதன்கிழமை அவர் சங்கத்துக்குப் போனார். கொடுப்பதற்குப் புடவை இல்லை. மங்கையர்க்கரசிக்கு இப்போது ஐம்பத்தேழு வயது. அடுத்த வருடம் ஓய்வு. ராமராஜன் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார்.

மங்கையர்க்கரசி முத்திரையை மைப்பெட்டியில் அழுத்தி, ஒரு தாளில் குத்தி, ஓரமாக வைத்தார். "நல்லதுதானேண்ணா. உங்களுக்கும் தொந்தரவு விட்டுது. அண்ணிக்கும் நிம்மதி."

"என்னக் கேட்டுத்தான் செய்வாங்களாம்."

"கேட்டா உள்ளதச் சொல்லுங்க. எனக்காகப் பொய் கிய் சொல்லாதீங்க. நான் கேக்கல."

"இல்லம்மா."

அவர் வாசல்வரை போனபோது மங்கையர்க்கரசி கூப்பிட்டார். "அண்ணா, எடுத்துட்டா அந்த எடத்துல இன்னா வெப்பாங்க?"

"அதே காலுதான் இருக்குமாம். ஆடாது."

"ஓ." அவர் மெல்லத் தலையாட்டினார். "அப்ப இனிமே சரியா செத்துடுவீங்க."

வழியெல்லாம் அந்தச் சொல் ராமராஜனோடு வந்தது. பிள்ளையார்பாளையத்துச் சந்துகளில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். உண்மையைச் சொன்னால் கால் நின்றுவிடும். அதோடு, இத்தனை காலம் அவரைப் பிடித்த பீடையும் மனைவியின் வருத்தமும் போய்விடும். அது மட்டுமல்ல. உலகத்தில் எத்தனையோ பேர் பார்த்துக் கண் கலங்கிய ஒரு காரியம் தன்னுடையது, தன் தறியினுடையது என்று ஒரு தடவையாவது கேமரா முன்னால் சொல்லலாம். அவருக்கு அந்த ஆசை இருந்தது என்பது அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது. பொய்யைச் சொன்னால் கால் ஆடும். ஆனால் அது அவருடைய காலாக இருக்காது.

வியாழக்கிழமை காலை சந்தியா வந்தாள். தறியில் உட்கார்ந்தபடியே பேசினால் நன்றாயிருக்கும் என்றாள். ராமராஜன் குழியில் காலை விட்டு உட்கார்ந்தார். அரக்குச் சிவப்பில் புடவையின் உடல் பாதி நெய்திருந்தது. சட்டைக் காலரில் ஒரு சின்ன மைக்கை மாட்டினார்கள்.

"அந்தக் கால் அசைஞ்சது டைரக்டர் சொல்லித்தானா சார்?"

"சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

அவர் அதற்கு மேல் யோசித்து வைத்திருக்கவில்லை. ஒரு பொய்க்கு இவ்வளவு சாமான் வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. பாவு நூலை விரலால் தடவினார்.

"கிட்ட வந்தாரு," என்றார். "வந்து, குனிஞ்சு பாத்தாரு. தம்பி, அவன் எண்ணிட்டு முதுகத் திருப்புனதும் மூணு வாட்டி மிதின்னாரு. எதுக்கு சார்னு கேட்டேன். அப்பத்தாம்பா யாருனா குனிஞ்சு பாப்பாங்கன்னாரு."

 சந்தியா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது போதும் சார். ஒரு ஃப்ரேம்கூடத் தொட மாட்டோம்" என்றாள்.

அந்த இயக்குநர் அன்று முழுவதும் குடைக்கு அடியில்தான் நின்றிருந்தார். பிணங்களுக்குப் பக்கத்தில் ஒரு தடவைகூட வரவில்லை. இனிமேல் அவர் குனிந்து பார்த்தவர். ஏற்கனவே பெரிய மனிதர். இன்னும் கொஞ்சம் பெரியவர் ஆனார்.

வண்டி கிளம்பிப் போனதும் ரேணுகாம்பாள் உள்ளே வந்தாள். திட்டப் போகிறாள் என்று ராமராஜன் நினைத்தார். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அடப்பாவி மனுசா! இத்தினி வருசமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே! அப்ப நீ நடிச்சிருக்கற!"

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

"அந்தக் குழாயடிக்காரிய வரச் சொல்லு இப்ப. பெரிய டைரக்டரு எங்க வூட்டுக்காரருகிட்ட வந்து குனிஞ்சு சொல்லிக்கிறாருடின்னு சொல்றேன். நெசந்தானே?"

"நெசந்தான்" என்றார் ராமராஜன். முதல் பொய்யைவிட இது கடினமாக இருந்தது. முதலாவது ஒருநாளோடு போயிற்று. இதை இனி தினமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

அவள் அடுப்படிக்குப் போன பிறகு அவர் வெகுநேரம் நாடாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு கைப்பெட்டியிலிருந்து வெள்ளை நூலை எடுத்து, துணி நின்றிருந்த இடத்துக்கு நேராகக் கரையோரம் ஒரு முடிச்சுப் போட்டார். அதற்கப்புறம்தான் கால் மிதித்தது.

பன்னிரண்டு நாள் கழித்துப் புடவையைச் சங்கத்துக்குக் கொண்டுபோனார். ஓய்வுக்குப் பிறகும் பரிசோதனைக்கு வரும் பரமசிவம் அதை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க எடுத்துப் போனார். ராமராஜன் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "கிளார்க்கம்மா, அத எடுக்கலியாம்" என்றார்.

மங்கையர்க்கரசி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "நீங்க இன்னா சொன்னீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் பரமசிவத்தின் குரல் வந்தது.

"இன்னாபா ராமராஜா, முடிச்சுப் போட்டுக்கற, தப்பையே காணோம்? ரெண்டு பக்கமும் பாத்துட்டேன். வயசாயிடுச்சா, கண்ணு போச்சா?"

"இருக்குது. நல்லாப் பாருப்பா."

"எங்க இருக்குது? பாவு சரி, ஊடை சரி. கத்திரிச்சு உட்டுடறேன் இத."

மங்கையர்க்கரசி எழுந்து வந்தார். துணியைப் பார்க்கவில்லை. முடிச்சை விரலால் ஒரு முறை தொட்டார். பிறகு ராமராஜனைப் பார்த்தார். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கத்திரிக்காதீங்க பரமசிவண்ணா. அது அங்கயே இருக்கட்டும்."

"வாங்கறவங்க கேப்பாங்களேம்மா?"

"கேக்கட்டும்."

பரமசிவம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னமோ போங்க" என்று கத்திரிக்கோலைப் பெட்டிக்குள் போட்டார்.

ராமராஜன் ரசீதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் கிடந்த செருப்புக் குவியலில் அவருடைய வலது கால் தன் செருப்பைத் தேடி இரண்டு முறை தரையை மிதித்தது.